எழுத்தாளரின் மாதச் சந்தா: படிநிலைகள் பிசகும்போது பார்க்க வேண்டியவை

வாசகர் முன்பணம் தந்து எழுத்தைத் தாங்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அச்சுச் செலவுக்காக, பிரதி வாங்கிக்கொள்வதாக வாசகர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். பின்னாளில் சிற்றிதழ்கள் ஆண்டுச் சந்தாவையும் ஆயுள் சந்தாவையும் நம்பி ஓடின. அந்த ஏற்பாடுகளில் பணம் தந்தவருக்குக் கிடைத்தது அச்சான பிரதி ஒன்றே. இன்றைய மாதச் சந்தாவில் 100 ரூபாய்க்கு ஒன்று, 250 ரூபாய்க்கு ஒன்று, 600 ரூபாய்க்கு ஒன்று எனப் படிநிலைகள் பிரிந்தபோது, எதை யாருக்கு எவ்வளவுக்குத் தருவது என்ற கணக்கும் கூடவே வந்து சேர்ந்தது.

அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதை அறிகுறியிலிருந்து கண்டுபிடிப்பதற்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டுக்காக, பெங்களூரில் பகலில் மென்பொருள் அலுவலகமும் இரவில் தொடர்கதையுமாக இருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளரை வைத்துக்கொள்வோம். அவருடைய வாசகர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அல்சூர், சிவாஜிநகர், ஒயிட்ஃபீல்டு என நகருக்குள் இருப்பவர்கள். மற்றவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் பரவியிருப்பவர்கள். மேலே சொன்ன மூன்று படிகளும் அவருடையவை.

தொடங்குமுன் இரண்டு பட்டியல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று மாதங்களில் ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் விலகினர் என்பது ஒன்று. ஒவ்வொரு சலுகைக்கும் நீங்கள் எத்தனை மணிநேரம் செலவிட்டீர்கள் என்பது மற்றொன்று. முதலாவதை, சந்தா வசூலிக்க நீங்கள் பயன்படுத்தும் இணையத் தளமே தந்துவிடும். இரண்டாவதை யாரும் தரமாட்டார்கள், பெரும்பாலோர் எழுதி வைப்பதுமில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் அந்த இரண்டாவது பட்டியலில்தான் தென்படும்.

சலுகைகள் தவறாமல் போகின்றன, எழுத்து நின்றுவிட்டது

இருப்பவற்றில் மிகக் கடுமையான அறிகுறி இது என்பதால் இதை முதலில் பாருங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே தெரியும். ஆனால் வாசகர் எதற்காகச் சேர்ந்தாரோ அந்தத் தொடர்கதை இரண்டு மாதமாக நகர்ந்திருக்காது.

உங்கள் சலுகைகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். ஒருமுறை செய்தால் பத்துப் பேருக்கும் ஆயிரம் பேருக்கும் அதுவே போதும் என்பவை முதல் வகை: அத்தியாயத்தை ஒரு வாரம் முன்னதாகத் தருவது, ஒலிப்பதிவு, ஆய்வுக் குறிப்புகள், நீக்கிய பகுதிகள் ஆகியவை. ஆளுக்கு ஆள் தனியாகச் செய்ய வேண்டியவை இரண்டாம் வகை: கையெழுத்துக் கடிதம், தனிப்பட்ட தொலைபேசி உரையாடல், வாசகரின் சிறுகதையைப் படித்துக் கருத்துச் சொல்வது ஆகியவை. முதல் வகையில் வாசகர் பெருகப் பெருக வருமானம் மட்டும் பெருகும். இரண்டாம் வகையில் வேலையும் அதே விகிதத்தில் பெருகும்.

நம் எழுத்தாளர் 600 ரூபாய்ப் படியில் மாதம் ஒரு கடிதமும் 20 நிமிடத் தொலைபேசி உரையாடலும் தருவதாக அறிவித்தார் எனக் கொள்ளுங்கள். கடிதத்துக்கு 15 நிமிடம் வைத்தால் ஆளுக்கு 35 நிமிடம். ஐந்து பேர் சேர்ந்தபோது மாதத்துக்கு மூன்று மணிநேரம்கூட ஆகவில்லை, மகிழ்ச்சியாகவே செய்தார். 25 பேர் ஆனதும் அது 14 மணிநேரத்துக்கு மேல் போய்விட்டது. அலுவலகம் முடிந்து, வெளிவட்டச் சாலை நெரிசலில் நீந்தி, சாப்பிட்டு உட்காரும்போது ஒன்றரை மணிநேரம் எழுதக் கிடைத்தால் பெரிது. அப்படியானால் மாதத்தில் பத்து இரவுகளை அந்தப் படி விழுங்கிவிடுகிறது. நேரம் குறித்துக் காத்திருக்கும் ஒருவரிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல முடியாது என்பதால், தள்ளிவைக்கப்படுவது எப்போதும் தொடர்கதையே.

தீர்வு, இரண்டாம் வகைச் சலுகை எதுவாக இருந்தாலும் இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைப்பது. பெரும்பாலான சந்தாத் தளங்களில் ஒரு படிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இட வசதி உண்டு. வரம்பை உங்கள் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: மாதம் மூன்று மணிநேரம் ஒதுக்க முடியுமென்றால் ஐந்து இடங்கள், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஏற்கெனவே 25 பேர் சேர்ந்துவிட்டார்கள் என்றால், தனி உரையாடலை மாதம் ஒருமுறை எல்லாரும் கலந்துகொள்ளும் இணையவழிக் கூட்டமாக மாற்றுவதே வழி. ஒரு மாதம் முன்னதாகக் கடிதம் எழுதி, உடன்படாதவர் விலகிக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சிலர் விலகுவர். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாரும் கீழ்ப்படியிலேயே நிற்கிறார்கள்

இது நோய்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்ப்படிச் சலுகைகள் முழுவதும் முதல் வகையைச் சேர்ந்தவை என்றால், 100 ரூபாய்ப் படியில் முந்நூறு பேர் இருப்பது வருத்தப்பட வேண்டிய நிலை அன்று. அவர்களை எப்படியாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற துடிப்புதான் முன்சொன்ன சிக்கலைக் கொண்டுவரும்.

கீழ்ப்படி வாசகர்களைக் குறைவாக மதிப்பிடுவதும் தவறு. 2017 டிசம்பரில், படைப்பாளிகளுக்குச் சந்தா திரட்டித் தரும் பேட்ரியான் தளம், பரிமாற்றக் கட்டணத்தை ஆதரவாளர்கள் தலையில் ஏற்ற முடிவுசெய்தபோது, மாதம் 1 டாலர் தருபவர் 1.38 டாலர் தரவேண்டிய நிலை வந்தது. சிறு தொகை தருபவர்கள் கூட்டமாக விலகத் தொடங்கினார்கள். அவர்களை நம்பியிருந்த படைப்பாளிகள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே தளம் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றது.

ஆயினும் நடுப்படி முற்றிலும் காலியாக இருந்தால், கீழ்ப்படிக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "கூடுதல் உள்ளடக்கம்" என்பது வேறுபாடு ஆகாது. வாசகர் அதை மனத்தில் உருவமாகக் காண முடியாது. "ஒவ்வொரு ஞாயிறும் அத்தியாயத்தை நானே வாசித்த ஒலிப்பதிவு" என்றால் காண முடியும்.

பெங்களூரில் ஒலிப்பதிவுக்குத் தனி இடம் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழ் எழுத்து மட்டும் கைவராத தலைமுறை ஒன்று இருக்கிறது. அத்தையும் பாட்டியும் கதையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு ஆர்வம் கொண்டாலும், அந்தத் தலைமுறையினரால் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடியாது. இத்தகையவர்களை மனத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்தால், அதை மேல்படியில் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. படிக்கத் தெரிந்தவருக்கு 100 ரூபாய், தெரியாதவருக்கு 250 ரூபாய் என்றாகிவிடும். கீழ்ப்படியில் எழுத்து அல்லது ஒலி, இரண்டில் ஒன்று. நடுப்படியில் இரண்டும் சேர்த்து, கூடவே ஒரு வாரம் முன்னதாக என்று அமைத்தால், வீட்டுக்கு ஒரு சந்தா நடுப்படியில் விழ வாய்ப்பு உண்டு.

முதல் மாதம் சேர்ந்தவர் இரண்டாம் மாதம் இல்லை

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பழைய தொகுப்பு. சேர்ந்த அன்றே நாற்பது அத்தியாயங்களையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தால், ஒரு மாதச் சந்தாவில் முழுக் கதையும் கையில் வந்துவிடும். பின் ஏன் இருப்பார்? பழைய அத்தியாயங்களைத் தளத்திலேயே படிக்கும்படி வைத்து, முழுக் கோப்பை ஆண்டுச் சந்தாவுக்கு மட்டும் ஒதுக்கலாம்.

இரண்டாவது, பிடித்தம் செய்யும் நாள். எல்லாருக்கும் மாத முதல் தேதியில் பிடித்தம் என்று வைத்திருந்தால், 28ஆம் தேதி சேர்ந்தவரிடம் நான்கைந்து நாட்களில் மறுபடியும் பணம் பிடிக்கப்படும். அவர் கோபித்துக்கொண்டு கடிதமெல்லாம் எழுதமாட்டார், பேசாமல் விலகிவிடுவார். சேர்ந்த தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிடும் முறைக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஒழுங்கு. வார இதழில் தொடர்கதை படித்துப் பழகிய வாசகர் கிழமையைக் கணக்கு வைப்பவர். மாதம் நான்கு அத்தியாயம் என்று வாக்களித்து, கடைசி மூன்று நாட்களில் நான்கையும் சேர்த்து வெளியிட்டால் எண்ணிக்கை சரியாக இருக்கும், வாசகர் இருக்கமாட்டார். வாரம் ஒன்று முடியாதென்றால் மாதம் இரண்டு என்று குறைத்துச் சொல்லி, நாள் தவறாமல் தருவது மேல்.

யாரும் விலகவில்லை, ஆனால் பணம் வரவில்லை

சந்தாதாரர் எண்ணிக்கை 200 என்று காட்டும்; வரவு 160 பேருக்கான அளவே இருக்கும். இதில் படிநிலையின் குறை எதுவுமில்லை, பணம் பிடிக்கும் வழியில்தான் அடைப்பு இருக்கிறது. இருந்தும் பலர் இதைப் படிநிலைக் குறை என்று எண்ணிச் சலுகைகளைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு வாடிக்கையாளர் முதலில் ஒருமுறை கூடுதல் சரிபார்ப்புடன் ஒப்புதல் தரவேண்டும். அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆனால் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணிநேரம் முன்னதாக அவருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். அந்த விதிகள் வந்தபோது அயல்நாட்டுத் தளங்கள் பலவற்றில் இந்திய அட்டைகள் மறுக்கப்படத் தொடங்கின. ஆகவே உள்நாட்டு வாசகருக்கு யுபிஐ ஆட்டோபே (யுபிஐ வழியாக மாதந்தோறும் தானாகப் பணம் பிடிக்கும் முறை) வசதி தரும் தளத்தையே தேர்ந்தெடுங்கள்.

அந்த 24 மணிநேர அறிவிப்பை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்; உங்கள் சந்தாவில் நீங்களே சேர்ந்து, மறுமாதம் வரும் எஸ்எம்எஸ்ஸைப் படியுங்கள். அதில் உங்கள் புனைபெயர் இருக்காது. பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயரோ, வங்கிக் கணக்கில் உள்ள உங்கள் முழுப்பெயரோ, வாசகர் கேள்விப்பட்டிராத ஏதோ ஒரு சுருக்கமோ இருக்கும். "நாளை உங்கள் கணக்கிலிருந்து 250 ரூபாய் பிடிக்கப்படும்" என்று முன்பின் தெரியாத பெயரில் செய்தி வந்தால், எச்சரிக்கையுள்ள எவரும் யுபிஐ செயலியைத் திறந்து அந்த ஒப்புதலை நீக்கிவிடுவார். பரிமாற்ற நிறுவனத்திடம் கேட்டு, வாசகர் அறிந்த பெயரைக் காட்சிப் பெயராக மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால், "மாதந்தோறும் இன்ன பெயரில் செய்தி வரும், அது நான்தான்" என்று வரவேற்பு மடலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, தேதியைப் பாருங்கள். வீட்டுக்கடன், வண்டிக்கடன், பரஸ்பர நிதி ஆகியவற்றின் பிடித்தங்கள் பெரும்பாலும் 5ஆம் தேதியிலும் 10ஆம் தேதியிலும் வந்து குவிகின்றன. அதற்குப் பின் உங்கள் முறை வந்தால், கணக்கில் இருப்பு இல்லை என்று திரும்பிவிடும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், புதிதாகச் சேர்ந்தவரிடம் சில நாட்களிலேயே மறுபடி பிடிக்காதபடி பார்த்துக்கொண்டு, மாதத்தின் முதல் மூன்று நாட்களுக்குள் வையுங்கள். திரும்பிய பணத்துக்காக உடனே படியை மூடிவிடாமல் ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பினால் போதும். பணம் கட்டாதவர் என்ற தொனி அதில் தலைகாட்டக் கூடாது. பாதிப்பேருக்கு அது நடந்ததே தெரிந்திருக்காது.

பணம் வருகிறது, கையில் நிற்பதில்லை

அநேகமாக நடுப்படியில் ஒரு தபால் பொட்டலம் ஒளிந்திருக்கும். நம் எழுத்தாளர் 250 ரூபாய்ப் படியில் மாதம் ஒரு சிறு அச்சுப் புத்தகம் அனுப்புகிறார் என்றால், கணக்கு இப்படி வரும். அச்சுக்கு 60, உறைக்கு 8, தபாலுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் 118. தளத்தின் பங்கு 10 விழுக்காடு என்றால் 25 ரூபாய். பேட்ரியானில் 2025 ஆகஸ்டு 4க்குப் பின் தொடங்கிய பக்கங்களுக்கு இதுதான் விகிதம். பணப்பரிமாற்றக் கட்டணம் 2 விழுக்காடு, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 5 ரூபாய் 90 காசு. எல்லாம் போக மிஞ்சுவது 101 ரூபாய் 10 காசு. 100 ரூபாய்ப் படியிலோ தபால் எதுவும் இல்லாததால் 87 ரூபாய் 64 காசு மிஞ்சுகிறது. இரண்டுக்கும் இடையே 13 ரூபாய் 46 காசு. அதற்காக அவர் ஒவ்வொரு பொட்டலத்தையும் மடித்து, ஒட்டி, முகவரி எழுதி, சனிக்கிழமைக் காலையில் அஞ்சலக வரிசையில் நிற்கிறார்.

தபாலை விடமுடியாது என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். தபால் செலவும் உறைச் செலவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். விலையை முடிவுசெய்யுமுன் ஒரு மாதிரிப் பொட்டலத்தைக் கட்டி அஞ்சலக முகப்பில் எடைபோட்டுக் கேளுங்கள். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதால், பழைய கட்டணத்தை நினைவில் வைத்துப் போட்ட மதிப்பீடுகள் இன்று செல்லா. ஐபோன் செயலிக்குள்ளிருந்தே சந்தா சேர்பவர்களிடம் ஆப்பிள் நிறுவனம் 30 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளக்கூடும். உலாவி வழியாகச் சேருமாறு இணைப்பைத் தந்தால் அது மிச்சம்.

வரியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் கர்நாடகத்தில் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அலுவலகச் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. அதற்குக் கீழே இருந்தாலும் வருமானவரிக் கணக்கில் சந்தா வரவைக் காட்டியாக வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதை நகரமே அறியும். சந்தாவுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர்கள், பக்க வருமானம் பற்றிப் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதையும் படித்துவிடுங்கள்.

மேல்படி வாசகர் கதையைத் திருத்தச் சொல்கிறார்

சலுகையின் சொற்களில் குறை இருக்கிறது. "கதைப்போக்கில் உங்கள் பங்கு" என்று எழுதியிருந்தால் அவர் கேட்பது நியாயமே. கதாபாத்திரம் ஒன்றுக்குப் பெயர் சூட்டலாம், பெயர் கதைக்காலத்துக்குப் பொருந்த வேண்டும், முடிவு ஆசிரியருடையது என்று எல்லையைப் படியின் விளக்கத்திலேயே எழுதுங்கள். வாக்கெடுப்பு வைப்பதானால் இரண்டு அட்டைப்படங்களில் எது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேர்ச்சந்திப்புக்கு ஆள் வருவதில்லை

பெங்களூரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இடமும் நேரமுமே. வேலைநாள் மாலையில் ஒயிட்ஃபீல்டிலிருந்து சாலைவழியாக அல்சூருக்கு வரச்சொல்வது அன்பைச் சோதிக்கும் செயல். ஞாயிறு முற்பகலில், மெட்ரோ ஊதாத் தடத்தின் அல்சூர் நிலையத்துக்கு நடக்கும் தொலைவில் வையுங்கள். ஒயிட்ஃபீல்டுக்காரர் வண்டி மாறாமலே வந்துவிடலாம். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர் மஞ்சள் தடத்தில் ஏறி இரண்டு முறை மாற வேண்டியிருக்கும், அதற்கேற்ப அரைமணி தாமதமாகத் தொடங்குங்கள்.

நேர்ச்சந்திப்பைக் கட்டணப் படியின் முதன்மைச் சலுகையாக வைப்பதும் சரியன்று, வெளியூர் வாசகருக்கு அதில் ஒன்றுமில்லை. அவர்களுக்கான இணையக் கூட்டத்தை ஞாயிறு இரவு ஏழு மணிக்கு வைத்தால் சிங்கப்பூரில் ஒன்பதரை, டொராண்டோவில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை. மூன்று ஊருக்கும் ஒத்துவரும் நேரம் அது.

அயல்நாட்டு வாசகரால் பணம் கட்ட முடியவில்லை

பரிமாற்ற நிறுவனத்தில் வெளிநாட்டு அட்டை வசதியைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கும், இயல்பாகத் திறந்திருக்காது. பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனம் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான கட்டணச் சேவையை நிறுத்திவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து பணம் பெற அது இன்றும் உதவும். அயல்நாட்டுப் படியில் தபால் பொட்டலம் எதையும் சேர்க்காதீர்கள்.

விலையை உயர்த்தியதும் ஆட்கள் சரிந்துவிட்டார்கள்

உயர்வு 50 ரூபாய்தான் என்றாலும் இழப்பு பெரிதாக இருக்கக் காரணம், வாசகர் ஒப்புதல் அளித்த தொகைக்கு மேல் தானாகப் பிடிக்க முடியாது என்பதே. புதிய விலைக்கு ஒவ்வொருவரும் மறுபடி ஒப்புதல் தரவேண்டும். மாதக்கணக்கில் யோசிக்காமல் இருந்த ஒருவரை உட்கார்த்தி, இது எனக்குத் தேவைதானா என்று நீங்களே யோசிக்கவைக்கிறீர்கள். ஆகவே பழையவர்களைப் பழைய விலையிலேயே விட்டுவிட்டு, புதிய விலையைப் புதியவர்களுக்கு மட்டும் வைப்பதே நடைமுறையில் இலாபம். தளம் அனுமதித்தால் பழைய படியைப் புதியவர்கள் கண்ணுக்குப் படாமல் மறைத்துவிடுங்கள்.

இதையே காரணமாகக் கொண்டு ஆயுள் சந்தாவை மீண்டும் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். யாருடைய ஆயுள் என்று சிற்றிதழ்க்காரர்களிடம் கேலியாகக் கேட்ட கேள்வி உங்களிடமும் கேட்கப்படும். ஓராண்டுக்கு மேல் முன்பணம் வாங்காதீர்கள். அந்த ஓராண்டுப் பணத்தையும் பன்னிரண்டாகப் பிரித்து, மாதத்துக்கு ஒரு பங்கை மட்டும் எடுத்துச் செலவழியுங்கள்.

ஒரு படியை முற்றிலும் எடுத்துவிட நேர்ந்தால், அதில் ஒரே ஒருவர் இருந்தாலும் பொது அறிவிப்புக்கு முன்பே அவருக்குத் தனியாக எழுதுங்கள். எந்தப் படிக்கு மாறினால் அவர் இதுவரை பெற்றுவந்ததில் பெரும்பகுதி கிடைக்கும் என்பதையும், விலகுவதானால் எந்தத் தேதிக்குள் ஒப்புதலை நீக்கினால் அடுத்த பிடித்தம் நடக்காது என்பதையும் அந்த மடலில் குறிப்பிட்டுவிடுங்கள்.